ஈயம் என்றால் எந்த ஈயம்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு எதற்கு? ஒரே ஒரு வார்த்தை சொல்கிறேன். ஈயம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் எங்கள் சுகாதார ஆபீஸ் அடித்த கூத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு பெண் குழந்தையின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது. சிரிக்கும்போதும் அவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்னால் நடந்தது. நான் அப்போது ஹெல்த் விசிட்டர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் பார்ப்பது வேலை. சேரியில் பிறந்தவள் நான். மிஷன் பள்ளியில் படித்து, பட்டணத்தில் பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலையும் தோல் பையும் குடையுமாக ஊருக்குத் திரும்பினேன். எல்லா வீட்டுக்கும் போகலாம் என்று சர்க்கார் என்னை அனுப்பியிருந்தது. எந்த வழியாகப் போகலாம் என்பதை மட்டும் அந்தந்த வீட்டுக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அதற்கு மண்டி வைத்திருந்த மண்டிக்காரர் ஒருவர் வீட்டில் எனக்குக் கொடுத்த வழி கொல்லைப்பக்கம். படலைத் தள்ளிக்கொண்டு போனால் உடைந்த துவைகல் ஒன்று கிடக்கும். அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். எங்கள் ஆபீசர் அதே வீட்டுக்கு வந்தால் வாசல் வழியாக நுழைந்து, கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, "ரொம்பச் சுத்தமான வீடு" என்று பாராட்டிவிட்டுப் போவார். வீட்டின் லட்சணம் கூடத்தில் தெரியாது, கொல்லையில்தான் தெரியும். என்னை அங்கே நிறுத்தி வைத்ததற்கு அந்த வீட்டாருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இன்று வரை மனசு வரவில்லை.

அந்த வீடு மண்டிக்காரரின் தாத்தா கட்டியது. ஊரில் மற்றவர்கள் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இவர்கள் மட்டும் கதவு, சன்னல், தூண், சுவரின் கீழ்ப்பாதி எல்லாவற்றுக்கும் சீமையிலிருந்து வரும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார்கள். "கலெக்டர் பங்களாவுக்கும் இதேதான்" என்று மண்டிக்காரர் சொல்லாத நாளே கிடையாது. தாத்தா அடித்ததன் மேல் அப்பா, அப்பா அடித்ததன் மேல் மகன் என்று பூச்சு ஏறி ஏறி, வெயில் படும் கொல்லைப்பக்கத்துச் சன்னல்களில் வெங்காயச் சருகு போல உரிந்து மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த மண்ணில்தான் கமலி விளையாடுவாள். மண்டிக்காரரின் பேத்தி. அப்போதுதான் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்த வயசு. ஒரு நாள் அவள் அம்மா தனம், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு துவைகல் வரைக்கும் வந்தாள்.

"சோறு எறங்கவே மாட்டேங்குது நர்சம்மா. வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டுக்கிறா. வெளிக்கும் போவல. ராத்திரியெல்லாம் ஒரே அழுவை."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "அது கண்ணு பட்டது. மண்ணு தின்னுது, பூச்சி வேற கீது. வெளக்கெண்ணெய் குடுத்தாச்சி, மந்திரிச்சாச்சி. அவகிட்ட இன்னா கேக்கற நீ?"

குழந்தையைத் தொட எனக்கு உத்தரவு இல்லை. தனத்தையே அவள் உதட்டை இழுத்துக் காட்டச் சொன்னேன். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் கருநீலமாக ஒரு கோடு. பட்டணத்தில் பயிற்சியின்போது அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் ஒருவர் வாயில் அதே கோட்டைக் காட்டியிருந்தார்கள். குழந்தையின் கை இறுக்கமாக மூடியிருந்தது.

"கையில இன்னாடி கண்ணு வெச்சிக்கினு இருக்கற?"

"முட்டாய்" என்று விரித்துக் காட்டினாள். சன்னலிலிருந்து உரிந்த பெயிண்ட் பொருக்கு. அந்தப் பாழாய்ப்போன பொருள் நாக்கில் வைத்தால் தித்திக்கும். வேப்பங்காய் மாதிரி கசந்து தொலைத்திருந்தால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கும்.

"உடனே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ" என்றேன். மாமியார் ஒப்பவில்லை. மறுநாள் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை, அடுத்த ரயிலில் ஏறிவிட்டார்கள்.

விழுப்புரத்து டாக்டர் பார்த்தவுடன் கண்டுகொண்டார். உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய மருந்து ஒன்றும் கிடையாது. பாலைக் கொடுத்து, விஷம் இருக்கிற இடத்தைவிட்டுத் தள்ளி வைத்துக் காத்திருக்க வேண்டும். தனமும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார்கள். நான் போய்ப் பார்த்தபோது டாக்டர் என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவை தப்பிச்சிடும். வீட்டில் எதுன்னு பார்த்து எடுத்துடுங்க. திரும்பவும் உள்ளே போச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது." எங்கள் ஆபீசரைப் பார்த்தபோது அவரிடமும் அதையே இங்கிலீஷில் சொன்னார். கூத்து அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஆபீசர் தங்கமான மனிதர். காலராவையும் பெரியம்மையையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தவருக்கு, இங்கிலீஷ் புத்தகத்தில் மட்டுமே வரும் ஒரு நோய் சொந்த எல்லைக்குள் வந்துவிட்டதில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. ஊருக்கே எச்சரிக்கை கொடுத்துவிட வேண்டும் என்று தலைமைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"லெட்டுக்குத் தமிழ் என்னய்யா?"

"ஈயம் சார்" என்றார் குமாஸ்தா, எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று சாயங்காலமே தெருத்தெருவாகத் தண்டோரா. "இதனால சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, ஈயம் விஷம்! ஈய சாமான் எதையும் யாரும் வூட்ல வெச்சிக்கக் கூடாது!"

உங்களுக்கே இந்நேரம் புரிந்திருக்கும். தமிழில் ஈயம் இரண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். நல்லது. துப்பாக்கி ரவையிலும் அச்செழுத்திலும் இருப்பது காரீயம். விஷம். கலப்படக்காரன் ஒன்றில் இன்னொன்றைச் சேர்த்துவிடுவதும் உண்டு, அது தனித் தலைவலி. ஆனால் தண்டோராவுக்கு இரண்டு ஈயம் தெரியாது. ஊரில் ஈயம் என்று சொன்னவுடன் எல்லோருக்கும் நினைவு வந்தது ரசச்சொம்புதான்.

அன்று ராத்திரி திண்டிவனத்தில் யார் வீட்டிலும் ரசம் கிடையாது. கல்யாணச் சீராக வந்த சொம்புகள் எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. ஈயம் பூச வந்த பாயைத் தெருமுனையிலேயே மறித்து விரட்டிவிட்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்து புலம்பினார்: "எங்க வாப்பா காலத்துலேர்ந்து பூசிக்கினு வர்றோம், ஒருத்தரும் சாவலியேம்மா. இன்னா பேஜாரு இது?" ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு கொதித்தால் என்ன ஆகும்? களிம்பு இறங்கும். தெருவுக்கு நாலு வீட்டில் வாந்தி எடுத்தார்கள். ஆபீசர் அதைக் கேள்விப்பட்டு, "பார்த்தீரா, ஈய விஷம் பரவுகிறது!" என்று இன்னொரு தரம் தண்டோரா போடச் சொன்னார்.

நான் போய் நின்றேன். "சார், விஷம் காரீயம். சொம்பு வெள்ளீயம். அந்தக் குழந்தை தின்றது பெயிண்ட் சார். அந்த வெள்ளைப் பெயிண்ட்டைக் காரீயத்தில்தான் செய்கிறார்கள். பெயிண்ட் என்று சொல்லச் சொல்லுங்கள்."

ஆபீசர் தம் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். அதிலும் வெள்ளைப் பெயிண்ட். "அது சர்க்கார் கதவும்மா. சர்க்கார் அடித்த பெயிண்ட்டை சர்க்காரே விஷம் என்று சொன்னால் நன்றாக இருக்குமா? பெயிண்ட் வேண்டாம். அந்தக் கார், வெள்ளை விஷயத்தை மட்டும் திருத்திவிடுவோம்."

குமாஸ்தா திருத்தினார். காரீயம் என்றால் படிக்காத ஜனத்துக்குப் புரியாது என்று தாமாகவே எளிமையும் படுத்தினார். மறுநாள் தண்டோரா இப்படி வந்தது: "கறுப்பு ஈயந்தான் விஷம்! வெள்ளை ஈயத்துக்கு பயம் இல்ல!"

வெள்ளைக்குப் பயம் இல்லை. அவ்வளவுதான், சோலி முடிந்தது. ஊரில் ரசம் திரும்பி வந்தது, பாயும் திரும்பி வந்தார். குழந்தைகளுக்குக் கண்ணில் மை தீட்டுவதைத்தான் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது கறுப்பாம். மண்டிக்காரருக்கோ மனசு லேசாகிவிட்டது. அவர் வீட்டுப் பெயிண்ட் பால் மாதிரி வெள்ளையாயிற்றே.

பொங்கல் நெருங்கியது. ஒரு நாள் மத்தியானம் அந்த வீட்டுக் கொல்லைப் படலைத் தள்ளினேன். தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டேன். கொல்லை முழுக்க வெள்ளைப் புழுதி. பெயிண்டர்கள் கதவுகளைக் கழற்றிப் போட்டு, பழைய பூச்சை இரும்பால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கிணற்றடி, மாட்டுத்தொட்டி, துணிக்கொடி, குழந்தையின் தூளித் துணி, ஒன்று பாக்கியில்லை. தாத்தா, அப்பா, மகன் மூன்று பேரும் அடித்ததெல்லாம் ஒரேயடியாக மண்ணுக்கு வந்திருந்தது.

மண்டிக்காரர் சிரித்த முகத்தோடு நின்றார். "இன்னாம்மா நர்சு, பாத்தியா? கமலி நாளைக்கு காலம்பற வண்டியில வர்றா. புள்ளை வர்றப்ப வூடு பளிச்சினு இருக்கணும்ல? அதான் ஜல்தியா முடிங்கடான்னு வெரட்டிக்கினு கீறேன்."

பேத்தி மேல் இருந்த ஆசையில்தான் அதைச் செய்தார். அதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன்.

"மொதலாளி, இதாங்க அந்த வெசம். இந்தப் புழுதி வாயில போனா கொழந்தை தாங்காதுங்க. டாக்டரே சொன்னாருங்க."

"யாரு? உங்க ஆபீசுதான் வெள்ளைக்கு பயமில்லன்னு தமுக்கு அடிச்சிது. ஒரு வாரம் ஒண்ணு, மறுவாரம் ஒண்ணு. நான் எதைக் கேக்கறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆபீசர் செஞ்சிப் பக்கம் கேம்ப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் வேறு நோயாளிக்குப் படுக்கை வேண்டும் என்று குழந்தையை அனுப்பிவிட்டார்கள். விடிந்தால் கமலி இந்த மண்ணில் உட்கார்ந்து முட்டாய் பொறுக்குவாள். துவைகல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் என்ன சொன்னாலும் அது அந்தப் பக்கம் போய்ச் சேரப்போவதில்லை.

அங்கே நின்றுதான் யோசித்தேன். காரீயத்தைக் கழுவு என்றால் இவர்கள் கழுவ மாட்டார்கள். வேறு எதைக் கழுவுவார்கள்?

தெருவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அடிப்பார்கள் என்று பயம்தான். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்போடு, வாசல்படி ஏறிக் கூடத்துக்குள் நுழைந்தேன். ஆபீசர் உட்காரும் ஊஞ்சலைத் தொட்டேன். தூண்களைத் தொட்டேன். ஒவ்வொரு சன்னலாகப் போய்க் கை வைத்தேன். மாமியார் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்து, வாய் திறந்தபடி நின்றார். சத்தம் வருவதற்குள் நான் பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் இறங்கி, கிணற்றடி மண்ணை மூலைக்கு மூலை மிதித்துவிட்டு, தூளியையும் தொட்டுவிட்டு, புதுப் பெயிண்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்துவிட்டு, படல் வழியாக வெளியே வந்துவிட்டேன். ஒரு பெயிண்டர் கையிலிருந்த இரும்பைக் கீழே போட்டுவிட்டான்.

அப்புறம்தான் அந்த அம்மாளுக்குக் குரல் வந்தது. தெருவே கூடிவிட்டது. "அய்யய்யோ, வூட்டையே கெடுத்துட்டாளே! நாசமாப் போறவளே!" இன்னும் என்னென்னவோ. அதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தெருவில் நின்று கேட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். என் காலடி விஷம் என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையான விஷத்தைப் பால் என்று நம்பினார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் என் காலடியைத் தவிர எனக்கு வேறு ஆயுதம் இல்லை.

ஐயர் வந்தார், பரிகாரம் சொன்னார். இந்தக் காலத்து நிபுணர் சொல்வதைவிடச் சுத்தமாகச் சொன்னார், சாமி! வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவு. கதவு, சன்னல், தூண் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து மறுபடி துடை. கொல்லை மேல்மண்ணை வெட்டி அப்புறப்படுத்து. ஏரி மண் கொண்டுவந்து கொட்டிக் கெட்டி பண்ணி மெழுகு. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடி. எல்லாம் முடிகிற வரைக்கும் குழந்தைகள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் எதையாவது விட்டுவிடப் போகிறார்களே என்று தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தேன். "மேலண்டை சன்னலையும் தொட்டேன்!" குடம் குடமாகத் தண்ணீர் போனது. "மாட்டுத்தொட்டியில கை வெச்சேன்!" தொட்டியைத் தேய்த்தார்கள். "தூளித் துணி!" தூளியைக் கொளுத்தப் போனார்கள். "கொளுத்தாதீங்க, பொகை ஆவாது, பொதைச்சிடுங்க!" என்று கத்தினேன். ஆத்திரத்தில் அதையும் கேட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ரயிலடிக்கு ஆள் ஓடியது. கமலியையும் தனத்தையும் வீட்டுக்கு வரவிடாமல், அப்படியே பிரம்மதேசத்துக்கு, தனத்தின் அம்மா வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்பினார்கள்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குப் பகீர் என்றது. வெட்டிய மண்ணையும் நான் தொட்ட பெயிண்ட் டப்பாக்களையும் ஏற்றிய மாட்டுவண்டி, ஊர்க் குப்பையெல்லாம் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் சேரிப் பக்கம். ஓட்டியவர் எங்கள் தெரு மாமாதான்.

"நல்ல மண்ணுதாம்மா. நம்ம வூட்டு வாசல்ல கொட்டிக்கலாம். டப்பாவும் சும்மா குடுத்துட்டாங்க, நம்ம கோயில் கதவுக்கு அடிக்கலாம்" என்றார் சந்தோஷமாக.

"மாமா, இது நம்ம புள்ளைங்க வாயில போவும்" என்று மாட்டுக்கு முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பினார். ஊருக்கு வெளியே கல் வெட்டிப்போட்ட பழைய பள்ளத்தில் அத்தனையையும் தள்ளி, மேலே மண் போட்டு மூடினோம். பெண்களே, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு விஷத்தை வாரி இன்னொரு வீட்டு வாசலில் கொட்டினால் அது சுகாதாரம் ஆகாது. பழைய பெயிண்ட்டை உலர்ந்தபடி சுரண்டாதே, துடைப்பத்தால் பெருக்காதே, நனைத்துத் துடை, மண்ணை மூடு, சோற்றில் கை வைக்குமுன் குழந்தையின் கையைக் கழுவு என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கும். வாரியது எங்கே போகிறது என்று வண்டிக்குப் பின்னாலேயே போய்ப் பார்க்கச் சொல்லி அதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

புகார் போனது. கேம்ப்பிலிருந்து திரும்பிய ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "நீ எதற்கம்மா வீட்டுக்குள்ளே போனாய்?"

"வீட்டைப் பார்ப்பதற்குத்தான் சார் எனக்குச் சம்பளம்."

அவர் மறுபடியும் தம் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை விழுப்புரத்துக்கு மாற்றினார். தண்டனை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போகும்போது கவனித்தேன், அவருடைய மேஜையை அந்தக் கதவைவிட்டுத் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

சண்டைக் காலம். விழுப்புரம் ஜங்ஷனில் எப்போது பார்த்தாலும் பட்டாளத்து ரயில். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் "நர்சம்மா!" என்று ஒரு குரல். திருச்சிப் பக்கம் போகும் வண்டியிலிருந்து தனம் இறங்கி ஓடி வந்தாள். கையில் கமலி. பல் தெரியச் சிரித்துக்கொண்டு, வறுத்த மல்லாட்டையை மென்றுகொண்டு, கொழுகொழுவென்று. பிளாட்பாரம் முழுக்கப் பார்க்கும்படி தனம் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். நான் கமலியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தேன். தொழில் புத்தி. கோட்டைக் காணோம்.

"மாமியார் எப்பிடி இருக்காங்க?"

"இன்னாத்த சொல்றது நர்சம்மா! இன்னும் உங்கள திட்டிக்கினேதான் கீறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "மாமனாரு மறுபடியும் சீமை பெயிண்ட் வாங்கியாந்து வெச்சிக்கீறாரு. வர்ற பொங்கலுக்கு அடிக்கப் போறாராம்."

"டப்பாவைத் தொறந்துட்டாரா?"

"இன்னும் இல்லீங்க."

"தொறக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தபா வூட்டுக்கு வர்றேன்னு சொல்லு. வாசல் வழியாவே வர்றேன்னு சொல்லு."

தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வண்டி ஊதியது. குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடி ஏறினாள். அந்த டப்பா திறக்கப்படவே இல்லை என்று பிறகு ஈயம் பூசும் பாய் வந்து சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வண்டி நகர்ந்தது, நான் சன்னலோடு கூடவே நடந்தேன். கமலி கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"யாரும்மா இவங்க?"

"நம்ம வூட்ட சுத்தம் பண்ணவங்க" என்றாள் தனம்.